கூரையில் தொடங்கும் வீடு: வேலூரில் ஒரு கல்லூரி மல்யுத்த அணி

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் ஒரு மாலை நேரம் பார்த்த காட்சி இது. இரண்டாம் ஆண்டு வணிகவியல் படிக்கும் மாணவன் ஒருவன்; ஊர்க் கபடி அணியில் நல்ல பெயர் எடுத்தவன். மல்யுத்த மெத்தையில் எதிராளி அவனுடைய இரண்டு கால்களையும் சேர்த்து அணைத்துப் பிடித்துவிட்டான். பையன் உடம்பை முறுக்கி, மல்லாந்து சாய்ந்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் எட்டும் மட்டும் நீட்டினான். கபடிக் களமாக இருந்திருந்தால் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டிருக்கும். பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே போயிருப்பார்கள். இங்கே நடுக்கோடு கிடையாது. இரண்டு தோள்பட்டைகளும் மெத்தையில் பதிந்தன. நடுவராக நின்றிருந்த பயிற்சியாளர் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினார். ஆட்டம் முடிந்தது.

"யாரைத் தொடுவதற்குத் தம்பி கையை நீட்டினாய்?" என்று மட்டும் கேட்டார் அவர். பையன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். "பழக்கம் மாஸ்டர்."

அந்தப் பழக்கம் என்ற ஒரு சொல்லில் வேலூரில் மல்யுத்த அணி கட்டுவதன் சிக்கல் முழுவதும் அடங்கிவிடுகிறது. கபடியில் முதுகு மண்ணில் படுவது ஒரு பொருட்டே இல்லை. பத்து வயதிலிருந்து ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த நிலத்திலும் ஆடி ஊறியவனுக்கு விழுவதும் புரள்வதும் ஆட்டத்தின் பகுதி. மல்யுத்தத்திலோ முதுகுதான் உயிர். முதுகு மெத்தையை நோக்கித் திரும்பி 90 பாகைக்கும் கீழே சாய்ந்தாலே எதிராளிக்கு 2 புள்ளி. இரண்டு தோள்பட்டைகளும் ஒரு கணம் அசையாமல் அழுந்தினால், அதுவரை ஒன்பது புள்ளி முன்னிலையில் இருந்தவனும் தோற்றவனே. வடார்க்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். பாரதக் கூத்தின் கடைசி நாள் திரௌபதி அம்மன் கோயில் திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பானே, அந்தக் கிடைதான் தோல்வி. பீமன் அவனை வீழ்த்தியது கதாயுதத்தால், மற்போரில் இல்லை என்று யாராவது திருத்தலாம். திருத்தம் சரிதான், ஆனாலும் பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனாருக்குப் படம் உடனே புரிந்துவிடும்.

கல்லூரி அணி ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் பயிற்சியாளர் உலகின் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்தத்துக்கென்று தேசியப் போட்டி 1928 முதல் நடக்கிறது. அங்கே புதிதாகப் பொறுப்பேற்கும் பயிற்சியாளரின் முதல் வேலை, பள்ளிப் போட்டிகளைச் சுற்றிப் பார்த்து ஆள் பிடிப்பது. ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகளில் அணிகள் இருப்பதால், கல்லூரிக்கு வரும் பையன் ஏற்கெனவே பல நூறு ஆட்டம் ஆடியிருப்பான். உதவித்தொகை தருவதாகச் சொல்லி அவனை இழுத்துக்கொள்வதுதான் திறமை. ஹரியானாவிலும் டெல்லியிலும் வழி வேறு, விளைவு ஒன்றே. ஊருக்கு ஊர் அகாடா, அதாவது மண் களத்தில் மல்யுத்தம் பழகும் கூடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய மல்யுத்த வீரர் ரவி தஹியா டெல்லி சத்ரசால் அரங்கத்தில் சேர்ந்தபோது வயது 10. பதக்கம் வாங்கியபோது 23. அந்த வட்டாரத்துக் கல்லூரிகள் வளர்ந்த மரத்தில் தங்கள் பெயர்ப் பலகையை மாட்டினால் போதும்.

வேலூரில் மரமும் இல்லை, நாற்றும் இல்லை. பிளஸ் டூ முடித்து வரும் பதினேழு வயதுப் பையனிடம் மல்யுத்தம் ஆடியிருக்கிறாயா என்று கேட்டால், தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன் என்பான். அவன் சொல்வதும் மல்யுத்தம் இல்லை, முகமூடி போட்டுக்கொண்டு நாற்காலியால் அடித்துக்கொள்ளும் நாடகம். ஆகவே இங்கே வரும் பயிற்சியாளர் கூரையை முதலில் போட்டுவிட்டு, அது விழாமல் தாங்கிக்கொண்டே கீழே சுவரையும் அடித்தளத்தையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. கல்லூரி நிர்வாகங்கள் பெரும்பாலும் கூரையை மட்டும் பார்க்கின்றன. எத்தனை பதக்கம், எந்த ஆண்டு என்று கேட்கின்றன. இந்தக் கட்டுரை கீழே நடக்கும் கட்டட வேலையைப் பற்றியது.

கணக்கைப் பார்க்கலாம். இளநிலைப் படிப்பு மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். சேர்க்கை முடிந்து வகுப்புச் சூடு பிடிக்க ஆகஸ்ட் ஆகிவிடும். நவம்பரில் தேர்வு. போட்டிக்காலம் அதை ஒட்டியே வருகிறது. அப்படியானால் முதலாண்டு மாணவனுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மாதம். அதற்குள் அவனைப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்பினால், எட்டு ஆண்டு அகாடா மண்ணில் புரண்டவன் எதிரே நிற்பான். காலையும் பிடிக்க அனுமதிக்கும் பொதுப்பாணியில் (ஃப்ரீஸ்டைல்) பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தவுடன் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். மூன்று நிமிடம் கொண்ட இரண்டு சுற்றில், முதல் சுற்றின் முதல் நிமிடமே முடியாமல் நம் பையன் திரும்பி நடந்து வருவான். இரண்டு நாள் ரயில் பயணம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஆட்டம். அந்தப் பையன் அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு வருகிறானா என்பதே புதிய அணியின் முதல் உண்மையான தேர்வு.

ஆளை எங்கே தேடுவது? மூன்று கதவுகள் இருக்கின்றன: கபடி, பளுதூக்குதல், ஜூடோ. ஜூடோ ஆடியவர்கள் எண்ணிக்கையில் குறைவு, கிடைத்தால் விடக்கூடாது. விழத் தெரிந்தவர்கள், எதிராளியின் எடையை நகர்த்தத் தெரிந்தவர்கள். சட்டையைப் பிடித்தே பழகிய கைகள் மட்டும் வியர்வை வழுக்கும் வெற்றுத் தோளில் சிறிது காலம் தடுமாறும்.

கபடியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கணுக்கால் பிடி, தொடைப்பிடி, இடுப்புப்பிடி என்று கபடி ஆடுபவன் சொல்வதெல்லாம் மல்யுத்தத்திலும் அப்படியே உண்டு. எதிராளியின் கால் எப்போது தரையில் பாரமாக ஊன்றுகிறது, எப்போது இலேசாகிறது என்று கண்ணால் பார்க்காமலே உணரும் புத்தி நல்ல கபடி ஆட்டக்காரனுக்கு இருக்கும். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் கபடியில் காலைப் பிடித்தவனுக்குத் துணையாக ஆறு பேர் மேலே வந்து விழுவார்கள். பிடித்தால் போதும், மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மல்யுத்தத்தில் பிடித்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. காலைப் பிடித்துத் தூக்கி, கீழே கொண்டுவந்து, பின்னால் சுற்றிப்போய் அடக்கினால்தான் 2 புள்ளி. நான் பார்த்த பயிற்சியில் கபடிப் பையன்கள் எல்லோருக்கும் ஒரே நோய்: கால் கையில் சிக்கியதும் ஒரு விநாடி நின்றுவிடுவார்கள், யாரோ வருவார்கள் என்பது போல. யாரும் வரமாட்டார்கள். அந்த ஒரு விநாடியில் எதிராளி இரண்டு காலையும் பின்னுக்கு வீசி, மார்பை இவன் முதுகில் போட்டு அழுத்திவிடுவான். மல்யுத்தக்காரர்கள் இதை ஸ்ப்ரால் என்கிறார்கள்.

பாடிப் போகும் மூச்சு இன்னொரு சிக்கல். ரெய்டு ஒன்றுக்கு 30 விநாடி. அதற்கான வெடிப்பும் மூச்சும் அவனிடம் இருக்கும். ஆறு நிமிடம் ஒருவன் மேல் ஒருவன் சாய்ந்து, கழுத்தைப் பிடித்து இழுத்து, இடையில் வெறும் 30 விநாடி ஓய்வோடு ஆடுவதற்கான மூச்சு அது இல்லை. முதல் மாதத்தில் பாதிப் பேர் வாந்தி எடுக்கிறார்கள். கல்லூரித் துப்புரவுப் பணியாளரோடு பயிற்சியாளர் முன்கூட்டியே நட்பு பாராட்டி வைத்திருப்பது நல்லது.

பளுதூக்குவோர் வேறு வகை. வேலூரில் பளுதூக்குதலைப் பற்றிப் பேசாமல் எந்த விளையாட்டையும் பேச முடியாது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். பளு தூக்கியவனின் இடுப்பு வலிமையும் தரையிலிருந்து ஒரே மூச்சில் இழுக்கும் வேகமும் மல்யுத்தத்துக்குப் பொன். எடைப் பிரிவு, எடை பார்க்கும் காலை, உணவுக் கட்டுப்பாடு எல்லாம் அவனுக்கு முன்பே பழக்கம். குறை என்னவென்றால் அவன் தூக்கிய இரும்பு ஒருநாளும் அவனைத் திரும்பப் பிடித்ததில்லை. அசையும் பாரத்தை, அதுவும் தன்னைக் கவிழ்க்க நினைக்கும் பாரத்தைத் தூக்குவது வேறு கலை.

சத்துவாச்சாரியிலிருந்து மல்யுத்தத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஆட்களை மட்டுமன்று. சதீஷின் தந்தையும் பளு தூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர். ஒரு விளையாட்டு ஓர் ஊரில் ஊன்றுவது அப்படித்தான். அண்ணன் தூக்குவதைப் பார்த்துத் தம்பி தூக்குகிறான். தூக்கியவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தன் பிள்ளையை அனுப்புகிறார். இதில் கல்லூரிக்கு இடம் மிகப் பின்னால்தான் வருகிறது. புதிய மல்யுத்தப் பயிற்சியாளர் இதைத் தலைகீழாகச் செய்தாக வேண்டும்.

மேடையில் பேசுகிறவர்கள் நமக்கு மரபு உண்டு என்பார்கள். உண்டுதான். புறநானூற்றின் 80ஆம் பாட்டு, ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி வீழ்த்துவதைக் காட்டுகிறது. ஒரு கால் மார்பை மடக்கி அழுத்த, இன்னொரு கால் பின்பக்கம் போய்த் தப்பவிடாமல் தடுக்க என்று பிடியின் நுட்பம் வரைக்கும் சொல்கிறது. இன்றைய பயிற்சியாளர் ஒருவர் அதைப் படித்தால் மெத்தையில் செய்து காட்டிவிடலாம். தொண்டை மண்டலத்தை ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்றே பட்டம். அவனுடைய தந்தை மகேந்திரவர்மன் குடைந்த கோயில் ராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியில் இன்றும் நிற்கிறது. தேகப்பயிற்சி சாலைகளில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று சுற்றிய காலமும் நம் தாத்தாக்களுக்கு நினைவிருந்தது. எல்லாம் போய், மற்போர்க் களத்தைக் குறித்த கோதா என்ற சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதிலும் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள்தான் குதிக்கிறார்கள். பெருமை பேச இது பயன்படும். ஆனால் பதினேழு வயதுப் பையனுக்குக் கழுத்தைப் பலப்படுத்த மாமல்லனால் ஆகாது.

மரபைவிட எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுவது ஒரு கல்லூரிக் கதை. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கத்தை முதலில் கொண்டுவந்த கே.டி. ஜாதவ், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். ஒல்லியாக இருக்கிறான் என்று விளையாட்டு ஆசிரியர் அவரைக் கல்லூரிப் போட்டியில் சேர்க்க மறுத்தார். முதல்வரிடம் போய் அனுமதி வாங்கி ஆடி வென்றார். 1948 லண்டனில் மண்ணில் பழகிய அவர் மெத்தையில் தடுமாறினாலும் ஆறாவது இடம் பிடித்தார். 1952 ஹெல்சிங்கிக்குப் போகப் பணம் இல்லாதபோது அதே கல்லூரி முதல்வர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். வெண்கலம் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ஜாதவை அந்தக் கல்லூரி உருவாக்கவில்லை என்பது. கோலாப்பூரின் மண் உருவாக்கியது. கல்லூரி கதவைத் திறந்துவிட்டது, சமயத்தில் கைகொடுத்தது. வேலூர்க் கல்லூரி இரண்டு வேலையையும் தானே செய்ய வேண்டும்.

இனி இடம். போட்டி மெத்தை 12 மீட்டருக்கு 12 மீட்டர். அதன் நடுவே 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் துண்டுகளாக வாங்கினால் 72 துண்டுகளை அடுக்கி மேலே உறை இழுத்துக் கட்ட வேண்டும். பல லட்ச ரூபாய் சமாசாரம். அதைவிடக் கடினம், தூண் இல்லாத அவ்வளவு பெரிய அறை கல்லூரியில் கிடைப்பது. இருப்பது பெரும்பாலும் விழா அரங்கம் ஒன்றுதான். பட்டமளிப்பு விழா, ஆண்டு விழா, பொங்கல் விழா, ரத்ததான முகாம் என்று ஒவ்வொன்றுக்கும் மெத்தையைக் கழற்றி அடுக்க வேண்டும். நான் போன கல்லூரியில் ஒருமுறை விழாவுக்காக மெத்தைத் துண்டுகளைக் கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டில் சாய்த்து வைத்தார்கள், அன்றிரவு மழை. நனைந்த பஞ்சைக் காய வைக்க ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் பயிற்சியாளர் பையன்களைப் பாலாற்றுக்குக் கூட்டிப்போய் மணலில் ஓடவும் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கவும் வைத்தார். பாலாற்றில் தண்ணீர் இல்லாததால் வேலூருக்கு ஏற்பட்ட ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

மெத்தையைத் துடைப்பதைச் சிறிய வேலை என்று நினைக்கக் கூடாது. தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்காவிட்டால் ஒரு பையனின் படர்தாமரை ஒரு வாரத்தில் அணி முழுவதும் பரவும். வெயில் ஊரில் வியர்வை ஊறிய மெத்தை அதற்கு வசதியான வயல். காது மடலில் அடிபட்டு ரத்தம் கட்டினால் உடனே மருத்துவரிடம் காட்டி வடிக்க வேண்டும். விட்டால் கெட்டியாகிச் சுருண்டு வாழ்நாள் முழுக்க அப்படியே நின்றுவிடும். வடக்கே அந்தக் காதைப் பெருமையாகக் காட்டுவார்கள். இங்கே பெண் பார்க்கப் போகும் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று ஒரு தாய் கவலைப்பட்டதை நானே கேட்டேன்.

நேரமும் எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் காலை மாணவன் ஒன்றரை மணிக்கு விடுபடுகிறான். மாலை மாணவன் அப்போதுதான் உள்ளே வருகிறான். இருவரையும் ஒரே மெத்தையில் சந்திக்க வைக்க விடியற்காலையோ இரவோதான் உண்டு. ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவனுக்கு இரண்டும் முடியாது. அவனுக்கு விடுதி தராமல் மல்யுத்தம் கற்றுக்கொடுக்க முடியாது என்பது என் முடிவு. நிர்வாகம் மெத்தை வாங்கித் தருவதாகச் சொன்னால், பத்து விடுதி இடமும் மாலையில் ஆளுக்கு நான்கு முட்டையும் தருகிறீர்களா என்று முதலில் கேட்க வேண்டும். வடநாட்டுப் பயில்வானின் பாதாமும் நெய்யும் பாலும் இல்லாவிட்டால் என்ன. களியும் வேர்க்கடலையும் கொள்ளும் முட்டையும் போதும், வேளை தவறாமல் கிடைத்தால்.

பாணியைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சியாளரின் ஆரம்ப முடிவுகளில் ஒன்று. ஆண்களுக்குப் பொதுப்பாணி, கிரேக்க-ரோமானியப் பாணி என இரண்டு. பின்னதில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவும் கூடாது, காலைப் பயன்படுத்தவும் கூடாது. கபடிப் பையனிடமிருந்து கால்பிடியைப் பறித்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது குறைவு. அவன் பொதுப்பாணிக்கே பிறந்தவன். பளு தூக்கியவனையும் ஜூடோ ஆடியவனையும் கிரேக்க-ரோமானியத்தில் விடலாம். பாணிக்குப் பத்து எடைப் பிரிவு வீதம், பெண்களையும் சேர்த்தால் முப்பது இடங்கள். முப்பதையும் நிரப்பப் பார்க்கிற பயிற்சியாளர் ஆண்டு அறிக்கைக்கு நல்லது செய்வார், பிள்ளைகளுக்குச் செய்யமாட்டார். எட்டுப் பேர் போதும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ அதே எடையில் ஒரு இணை வேண்டும். 57 கிலோக்காரன் ஒருவனும் 97 கிலோக்காரன் ஒருவனும் இருக்கும் அணியில் இருவருமே தனியாள்கள்.

முதல் செமஸ்டரில் நான் பார்த்த பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தவை மிகக் கொஞ்சம். முதல் மூன்று வாரம் பிடியே கிடையாது. விழக் கற்றல், நெற்றியையும் பாதத்தையும் மட்டும் ஊன்றி உடம்பை வில்லாக வளைக்கும் கழுத்துப் பயிற்சி, முழங்கால் மடித்த நிலையில் வட்டத்தைச் சுற்றி நகர்தல். பிறகு ஒரே ஒரு தாக்குதல்: முன்முழங்காலை எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு நடுவே செருகி, தலையை விலாவில் ஒட்டி, இரட்டைக் கால்பிடி. ஒரே ஒரு தடுப்பு: ஸ்ப்ரால். கீழே கொண்டுவந்த பிறகு இடுப்பைக் கட்டி உருட்டும் ஒரே ஒரு உருட்டல். மூன்றே மூன்று. யூடியூபில் பார்த்த எறிதல்களைச் செய்து காட்டச் சொல்லிப் பையன்கள் கெஞ்சினார்கள். "இந்த மூன்றையும் உறக்கத்தில் செய்யுங்கள், பிறகு பார்ப்போம்" என்றார் அவர். கோலம் போடுகிறவள் முதலில் புள்ளியை நேராக வைக்கப் பழகுவது போலத்தான்.

எடை விஷயத்தில் அவர் கண்டிப்பு இன்னும் அதிகம். முதல் இரண்டு ஆண்டு யாரும் எடை குறைக்கக் கூடாது, இருக்கிற எடையில் ஆட வேண்டும். இதற்குப் பின்னே பெரிய காரணம் இருக்கிறது. 1997இல் அமெரிக்காவில் ஐந்து வார இடைவெளிக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். சூடான அறையில், ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி செய்தார்கள். அதன் பிறகே அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டு, ஒவ்வொரு மாணவனுக்கும் குறைந்தபட்ச எடை கணக்கிடும் முறை வந்தது. வேலூரில் சூடான அறை தனியாகத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் ஸ்வெட்டர் போட்டு ஓடச் சொல்லும் பயிற்சியாளரைப் பெற்றோர் நம்பக் கூடாது. இப்போது எடை பார்ப்பதும் போட்டியன்று காலையில்தான். ஒரு பிரிவு இரண்டு நாள் நடந்தால் இரண்டாம் நாளும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் முதல் நாள் மூன்று ஆட்டம் வென்று இறுதிக்கு வந்த வினேஷ் போகாட், மறுநாள் காலை 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தார். நூறு கிராம் என்பது ஆற்காடு மக்கன் பேடாவில் இரண்டுகூடத் தேறாது. உலகத் தரத்தில் மருத்துவரும் உணவு வல்லுநரும் கூட இருந்தவருக்கே அந்த நிலை என்றால், செமஸ்டர் தேர்வுக்கு நடுவே தனியாகப் பட்டினி கிடக்கும் பையனின் கதியை நினைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் அணியைப் பற்றி என் கருத்து, அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும் என்பது. ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் வந்ததே 2004இல்தான். ஆண்களுக்கு இருப்பது போன்ற நெடுங்காலப் பின்னணி வடக்கேயும் இல்லை, ஆகவே தூரம் சற்றுக் குறைவு. பெண்கள் கபடி ஆடும் கிராமங்கள் நம்மிடம் உண்டு. தடை வீட்டு வாசலில் இருக்கிறது: உடம்போடு ஒட்டிய உடை, ஆண் பயிற்சியாளர், வெளியூர்ப் பயணம். 2023இல் நாட்டின் முன்னணி வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடியதை எல்லா வீடுகளும் தொலைக்காட்சியில் பார்த்தன. அதற்குப் பிறகு, என் பெண்ணை யார் தொட்டுக் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஒரு தாய் கேட்டால் அது பிற்போக்கு ஆகாது, நியாயமான கேள்வி. பெண் துணைப் பயிற்சியாளர் ஒருவர், பயணத்தில் பெண் பேராசிரியர் ஒருவர், புகார்க் குழுவின் பெயர்களும் தொலைபேசி எண்களும் அரங்கச் சுவரில். இவ்வளவும் இல்லாமல் பெண்கள் அணி தொடங்கக் கூடாது. பயிற்சியின்போது கதவைத் திறந்து வைத்து, தாய்மார்கள் உட்கார நான்கு நாற்காலி போட்டால் பாதித் தயக்கம் தானே கரையும்.

எதிர்பாராத ஒரு சிக்கலும் உண்டு. பழைய வடார்க்காட்டின் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் வென்றால் பல்கலைக்கழக அணியில் இடம். சுற்றிலும் வேறு அணி இல்லாவிட்டால் நம் பையன்கள் தங்களுக்குள்ளேயே ஆடி, சான்றிதழ் வாங்கி, நேராகத் தேசியக் களத்தில் போய் விழுவார்கள். சான்றிதழ் சுலபமாகக் கிடைக்கும் விளையாட்டு விரைவில் செத்துவிடும். அதற்காகவே சேருகிறவர்கள் மெத்தையில் நிற்கமாட்டார்கள். ஆகவே பயிற்சியாளர் தனக்கு எதிரிகளையும் தானே உண்டாக்க வேண்டும். திருவண்ணாமலையிலோ வாணியம்பாடியிலோ ஒரு கல்லூரி தொடங்க முன்வந்தால், பழைய மெத்தை உறையையும் பாதி ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுக்கத் தயங்கக் கூடாது. அண்டைக் கல்லூரியிடம் தோற்கும் வாய்ப்பு வந்த பிறகுதான் அணி என்று ஒன்று இருக்கிறது.

பெற்றோர் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இதனால் வேலை கிடைக்குமா? கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில் சீருடையை ஒட்டிய எந்த விளையாட்டுக்கும் மதிப்பு உண்டு. ராணுவமும் ரயில்வேயும் மல்யுத்த அணிகள் வைத்திருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அது தேசிய அளவில் தேறியவனுக்கு. எட்டுப் பேரில் ஒருவனுக்குக் கிடைக்கலாம். மற்ற ஏழு பேருக்கு, பட்டப்படிப்போடு பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் படிப்பு ஒரு வழி. அந்த ஏழு பேர்தான் எனக்கு முக்கியம். அவர்களில் இருவர் உடற்கல்வி ஆசிரியர்களாகப் பள்ளிகளுக்குள் போனால், கூரைக்குக் கீழே சுவர் எழும்பத் தொடங்கும்.

நிர்வாகம் எதை வைத்து அளப்பது என்று கேட்டால், ஆட்டம் எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை வைத்து அளக்கட்டும். முதல் ஆண்டில் நாற்பது விநாடியில் 10-0. இரண்டாம் ஆண்டில் இரண்டாவது சுற்றுக்குப் போய்த் தோற்பது. மூன்றாம் ஆண்டில் ஆறு நிமிடமும் நின்று 6-2 என்று தோற்பது. பதக்கப் பட்டியலில் இந்த மூன்றுக்கும் ஒரே மதிப்பு. பயிற்சியாளரின் நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு மலை இருக்கிறது. நான் பார்த்தவர் புள்ளிகளோடு நிமிடத்தையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். மூன்றாவது கட்டத்தில் மறுவாரம் பயிற்சிக்கு வந்தார்களா என்று ஒரு குறி.

சனிக்கிழமை காலைகளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேரை அந்த அரங்கத்துக்கு அழைத்து வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களில் கையை நீட்டிய அந்தக் கபடிப் பையனும் ஒருவன். சென்ற முறை நான் போயிருந்தபோது, முப்பது கிலோகூட இருக்கமாட்டாள் ஒரு சிறுமி. இன்னொருத்தி அவள் காலை வாரிவிட்டாள். விழும்போதே இடுப்பைத் திருப்பி, பூனை போலக் குப்புற விழுந்தாள் அவள். கையை எங்கும் நீட்டவில்லை. வாசலில் அவளுடைய அம்மா குடையோடு நின்று, சேர்க்காட்டு பஸ் போய்விடும் என்று கத்திக்கொண்டிருந்தார்.